வாசல் தாண்டினவள்

என் செல்லத் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

அக்கா பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை. பெரிய வெள்ளிக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் நடுவில், ஆராதனையும் இல்லாமல் வேலையும் ஓடாமல் கிடக்கிற நாள். தையல் கடையைத் திறக்கவில்லை. நாளைக்குப் போட்டுக்கொள்ளக் கேட்டவர்களின் சட்டைகள் வெட்டியபடியே கிடக்கின்றன. வந்து கத்துகிறவர்கள் கத்தட்டும்.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஸ்டெல்லா. துக்கம் என்று சொன்னால் உட்கார வைத்துத் தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள். அருவருப்பு என்று சொன்னால், "இந்த நாள்ல இப்புடியெல்லாம் பேசலாமா?" என்று வாயைப் பொத்துகிறார்கள். அதனால் உன்னிடம் சொல்கிறேன். நான் கோபப்பட்டால் பயப்படாமல் சிரிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

முதலில் வீட்டுச் செய்தி. ஒரே வரிசையாக ஒட்டிக் கிடந்த நம் லயம் இப்போது பாதி லயம். உன்னைக் கொண்டுபோன அந்த மழையில் லெட்சுமியின் வீடு தொடங்கி கடைசித் தொங்கல் வீடு வரைக்கும் மண்ணுக்குள் போனதல்லவா? மிச்சமாக நிற்கிற வீடுகளில் சனங்கள் திரும்பவும் குடியிருக்கிறார்கள். முதலில் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு நடக்க வேண்டும் என்று தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். கொட்டகை ஒழுகியது. ஒழுகுகிற புது இடத்தைவிட ஒழுகாத பழைய இடம் மேல் என்று ஒவ்வொருவராக லயத்துக்கே வந்துவிட்டார்கள். புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்தக் கல்லின் மேல் இப்போது ஆடு படுத்து அசை போடுகிறது.

அம்மாவும் நம் பழைய வீட்டுக்கே போய்விட்டாள். என்னோடு பஜாரில் வந்து இரு என்று எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. நமக்கும் லெட்சுமிக்கும் நடுவில் இருந்த அந்தச் சுவர்தான் இப்போது லயத்தின் கடைசிச் சுவர். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் லெட்சுமி வெங்காயம் தாளித்தால் இந்தப் பக்கம் நமக்குப் பசி எடுக்கும். இப்போது அந்தப் பக்கம் மழை மட்டும்தான்.

லெட்சுமி லயத்தின் மற்றத் தலைப்பில் அவள் சித்தி வீட்டில் இருக்கிறாள். அவள் புருஷன் இன்னும் கொழும்பில் கடையில்தான் நிற்கிறான். பிள்ளைக்குத் தர்ஷினி என்று பேர் வைத்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். நீ கடைசியாகப் பார்த்தபோது ஒரு துண்டுக்குள் அடங்கிக் கிடந்தவள், இப்போது கோழியைத் துரத்துகிறாள். ஆனால் அம்மா அந்தப் பிள்ளையைத் தொடுவதில்லை. லெட்சுமி தூக்கிக்கொண்டு வந்தால் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். பிரதர் பேசிய பேச்சுதான் அம்மாவை இப்படி ஆக்கிவிட்டது என்று நேற்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரதரை உனக்கு நினைவிருக்கும். நம் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை. வேனில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, கீபோர்டு வாசிக்கிற ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு, தோட்டம் தோட்டமாகப் போகிறவர். போன வருஷம் பெரிய வியாழனுக்கு ஒரு கையில் சிவப்பு பெயின்ட் வாளியும் மறு கையில் தூரிகையுமாக நம் லயத்துக்கு வந்தாரே, அதே ஆள்.

அன்றைக்கு நானும் வீட்டில் இருந்தேன். எகிப்தில் தலைச்சன் பிள்ளைகளைக் கொல்லச் சங்காரத் தூதன் வந்த ராத்திரி, ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வீடுகளை மட்டும் விட்டுவிட்டுக் கடந்து போனான் என்று வீட்டு முன் இஸ்தோப்பில் நின்றபடி உரத்துச் சொன்னார். அதுதான் பஸ்கா என்றார். மலைச் சரிவில் இருக்கிற உங்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்றார். பிறகு கதவு நிலையின் இரண்டு பக்கமும் தலைக்கு மேலேயும் ஒவ்வொரு இழுப்பு. மழை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் பாட வேண்டும், வெளிச்சம் வரும்வரை ஒருவரும் வாசல் தாண்டக் கூடாது என்றார். பெயின்ட் வழிந்து, யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியது மாதிரி சிமெந்தில் சொட்டியது. அதைத் துடைக்கிற வேலை நம்மோடதுதான்.

பக்கத்து வீட்டு வாசலில் லெட்சுமி நிறைமாத வயிற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிரதர் அவளைத் தாண்டி அடுத்த கிறிஸ்தவ வீட்டுக்கு நடந்தார். நீ விடவில்லை.

"பிரதர், இந்த வீட்டுக்கும் ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போங்களேன். தலைச்சன் புள்ள பொறக்கப் போவுது."

"அவங்க வீட்டுல விக்கிரகம் இருக்கும்மா. இந்தப் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு உள்ள இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான்."

"செவரு ஒண்ணுதானுங்களே பிரதர்? இந்தப் பக்கம் நாங்க ஆணி அடிச்சா அந்தப் பக்கம் அவங்க முருகன் படம் கீழ வுழுது. தூதனுக்கு எது யாரு வீடுன்னு எப்புடிங்க வெளங்கும்?"

லயமே சிரித்தது. லெட்சுமிதான் வெட்கப்பட்டுப் போய், "வேணாங்க ஸ்டெல்லாக்கா, வுடுங்க, அவருக்கு நேரமாவுது" என்றாள். பிரதரும் சிரித்தார். பல்லை மட்டும் காட்டுகிற சிரிப்பு. அவர் அதை மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மழை நாளைப் பற்றி உனக்கே எழுதுவது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. உனக்குத் தெரியாததா? ஆனாலும் நான் அங்கே இல்லை. அம்மாவும் லெட்சுமியும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விளக்கு வைக்கிற நேரம். நீ, வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு வந்து, நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாய். அம்மா கதவைச் சாத்தி, பிரதர் சொன்னபடி பாட்டை எடுத்தாள். பாட்டுக்கு நடுவில் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. பிறகு லெட்சுமி கத்தினாள். பின்பக்கத் தண்ணீர்க் கான் நிறைந்து சேறு அடுப்படிக்குள் வந்துவிட்டது, கதவு இறுகித் திறக்கவில்லை, படுக்கையில் கிடந்த அவள் மாமனாருக்கோ எழுந்து நிற்கக் காலில் தெம்பு இல்லை.

"போவாதடி, வாசல் தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று அம்மா சொன்னாளாம்.

"கதவ சாத்திக்கிட்டு இத கேட்டுக்கிட்டே பாட்டுப் படிக்கச் சொல்றியாம்மா?" என்று நீ கேட்டாயாம்.

நீ வெளியே போனாய். கதவை உதைத்துத் திறந்தாய். பிள்ளையையும் லெட்சுமியையும் நம் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டாய். கிழவரைத் தூக்கிவர மறுபடி போனாய். அவ்வளவுதான். மண்ணைத் தோண்டினவர்கள் சொன்னார்கள், அவருடைய கை உன் தோளைச் சுற்றி இருந்ததாம். நீ அவரை எழுப்பிவிட்டாய். வாசல் வரைக்கும்கூட வந்துவிட்டீர்கள்.

அதன் பிறகு வந்தவர்களைக் கேள். தோட்டத்துத் துரை ஒரு மலர்வளையம் அனுப்பினார். அதில் உன் பேரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் உன் படத்தைப் போட்டு, பெரிய எழுத்தில் 'தியாகி' என்று போஸ்டர் அடித்தார். மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, தடுப்புச் சுவர் கட்டித் தாருங்கள் என்று இந்த லயத்துச் சனங்கள் அவரிடம் எத்தனை தரம் போய் நின்றார்கள்? சுவர் வரவில்லை, போஸ்டர் வந்தது. நீ செத்ததில் எல்லோருக்கும் ஒரு சௌகரியம் இருந்தது, ஸ்டெல்லா. அடுத்தவர் செய்த பலியைப் புகழ்வதற்கு ஒரு செலவும் இல்லை.

அவர்களையாவது விட்டுத் தொலைக்கலாம். பிரதரைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. உன்னை அடக்கம் பண்ணின ஈரம் காய்வதற்குள் ஸ்பீக்கரோடு வந்து நின்றார். அடையாளம் போட்ட வீடு நிற்கிறது பாருங்கள், போடாத வீடு போய்விட்டது பாருங்கள் என்றார். தொங்கல் வீட்டு ஆரோக்கியம் மாமா வீட்டு நிலையிலும் அவரேதான் பெயின்ட் பூசினார். அதுவும் தரைமட்டமாகிப் போனதே என்று ஒருவர் கேட்டார். அவர்கள் அன்றைக்கு ஹட்டன் ஆஸ்பத்திரியில் இருந்தார்களே, கர்த்தர் ஆட்களைக் காத்தார் என்றார். வீடு நின்றாலும் அவர் சொன்னது சரி. விழுந்தாலும் அவர் சொன்னது சரி. இப்படிப்பட்ட வாய்க்கு முன்னால் நாம் என்ன செய்ய முடியும்?

உனக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். காக்கப்பட்ட வீட்டுக்குள் இருந்த பிள்ளை, வாசல் தாண்டினபடியால் மாண்டாள். கீழ்ப்படியாமைக்கு இதுவே எச்சரிப்பு. அன்றிலிருந்து உன் பேர் போய்விட்டது, தங்கச்சி. ஸ்டெல்லா என்று ஒருவரும் சொல்வதில்லை. "வாசல் தாண்டினவ" என்கிறார்கள். கொழுந்து பறிக்கிற மலையில், தண்ணீர் பிடிக்கிற பீலியில், கடையில் எல்லாம் அம்மாவை "வாசல் தாண்டினவளோட அம்மா" என்று சொல்கிறார்கள். நீ பிள்ளைக்காம்பராவில் மூக்குத் துடைத்து வளர்த்த பிள்ளைகளின் தாய்மார்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்த வருஷம் பெரிய வியாழன் கூட்டத்தை அவர் எங்கே வைத்தார் தெரியுமா? உன் பிள்ளைக்காம்பராவில். தொட்டில்களை ஒரு மூலையில் தள்ளிவிட்டு, நீ சுவரில் ஒட்டின மயில் படத்துக்கு மேலே பேனர் கட்டியிருந்தார்கள். நான் அம்மாவுக்காகப் போனேன். தனியே விட மனமில்லை.

பஸ்கா விருந்து என்று கொழும்பிலிருந்து பெட்டியில் வந்த ஏதோ மெல்லிசுத் தகடு மாதிரி ரொட்டியைக் கொடுத்தார். இஸ்ரவேலர் புளிப்பில்லாத ரொட்டியை அவசர அவசரமாக, இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றபடி சாப்பிட்டார்கள் என்று விளக்கினார். யாருக்குச் சொல்கிறார்? கோதுமை மாவையும் தேங்காய்ப் பூவையும் பிசைந்து சுட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று நின்றபடி விழுங்கிவிட்டு ஓடுகிற பொம்பளைகளுக்கு. தலைமுறை தலைமுறையாக நாம் பஸ்கா ரொட்டிதான் தின்கிறோம். புறப்பட்டுத்தான் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

பிறகு அம்மாவை எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார். அம்மா எழுந்தாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, "போவாதன்னு நான் சொன்னேன். கேக்கல. தாண்டிப் போயிட்டா" என்றாள். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். ஸ்டெல்லா, ஒரு தாய் தன் பிள்ளை செத்ததைச் சொன்னதற்கு ஆமென்! கீபோர்டு ஆள் அதற்குத் தோதாக ஒரு ராகம் வேறு இழுத்தான்.

நான் எழுந்துவிட்டேன்.

"பிரதர், ஒரு கேள்வி. வீட்டுக்குள்ள இருந்தவங்க பொழச்சாங்க, சரி. அந்தக் கதையில செத்தது யாருங்க?"

"ஆட்டுக்குட்டி" என்று பின்னாலிருந்து ஒரு பொம்பளை சொன்னாள்.

"அந்த ஆட்டுக்குட்டியையும் வீட்டுக்குள்ள பத்திரமா வச்சிருந்தா, நெலையில பூச இரத்தம் எங்கேருந்துங்க வந்திருக்கும்? நாளைக்குப் பெரிய வெள்ளி. ஆட்டுக்குட்டி இயேசுதான்னு நீங்கதானே சொல்றீங்க? அவரக் கொன்னது வீட்டுக்குள்ளயா? ஊரு வாசல் தாண்டி வெளிய கொண்டுபோயில்ல கொன்னாங்க? அப்ப அவரும் வாசல் தாண்டினவருதானே? என் தங்கச்சி யாரு வழியில போனா, நீங்க யாரு வழியில நிக்கிறீங்க?"

பிரதர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவரைக் கொஞ்சம் மதித்திருப்பேன். சிரித்துக்கொண்டே வந்து, "சகோதரி துக்கத்துல பேசுறாங்க, நாம அவங்களுக்காக ஜெபிப்போம்" என்று என் தலையில் கையை வைத்தார். கையில் சென்ட் வாசம். நான் கையைத் தட்டிவிட்டேன். "ஒக்காருடி, மானம் போவுது" என்று அம்மா அழுதாள். என்னிடம் கண்ணைச் சிமிட்டத் துணிந்த ஒரு ஆளும் அங்கே இல்லை. நீ இருந்திருந்தால் சிமிட்டியிருப்பாய்.

வரும் வழியெல்லாம் ஒரு விஷயம் மனசைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த எகிப்து ராத்திரியில் ஒவ்வொரு வீட்டிலும் ஓலம் எழும்பியது என்று வேதத்திலேயே இருக்கிறது. ஒரு எகிப்து வீட்டுத் தலைச்சன் பிள்ளை கதறினபோது, கிட்டத்தில் இருந்த இஸ்ரவேல்காரிக்கு அது கேட்டிருக்குமா? அவள் காதைப் பொத்திக்கொண்டாளா? கதவண்டை வரைக்கும் வந்து நின்றாளா? யாரும் இதை எனக்குப் பிரசங்கம் பண்ணினதில்லை. உன்னிடம் கேட்கிறேன். நீ இப்போது கேட்டுச் சொல்லக்கூடிய இடத்தில் இருக்கிறாய்.

நேற்றைய கதைக்கு வருகிறேன். பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து அம்மாவை வீட்டில் விடும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கிராம சேவகர் குடையும் கையுமாக லயத்து வாசலுக்கு வந்து, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று தமிழிலும் சிங்களத்திலுமாகக் கத்தினார். "இக்மனட்ட, இக்மனட்ட! சீக்கிரம் போங்க!" முருகன் படம் மாட்டின வீடுகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டன. சிவப்பு இழுப்புப் போட்ட வீடுகளில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாகப் பாட்டுக் கிளம்பியது.

அம்மா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போடி. எனக்கு நெலையில அடையாளம் இருக்கு."

"அம்மா, அந்தப் பக்கச் செவரு முழுக்க மழையில நிக்கிது. இடிஞ்சு வுழுந்தா இந்தப் பெயின்ட்டா வந்து தாங்கும்?"

"வாசல் தாண்டுனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். நான் பாத்தவ."

கெஞ்சினேன். திட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன். அவளும் கட்டில் சட்டத்தை விடவில்லை. உன் பேரைச் சொன்னேன். அப்போதுதான் இத்தனை மாதம் சொல்லாததைச் சொன்னாள்.

"மொதத் தடவ அவ போறப்ப சேலையப் புடிச்சேன்டி. ஒதறிட்டுப் போயிட்டா. ரெண்டாந் தடவ நான் எப்புடியும் புடிச்சு நிறுத்தியிருப்பேன். புடிக்கக் கை இல்ல. அந்தப் புள்ளய என் மடியில போட்டுட்டா. புள்ளயப் புடிப்பேனா, அவளப் புடிப்பேனா?"

அம்மா தர்ஷினியைத் தொடாததற்குக் காரணம் பிரதரின் பிரசங்கம் இல்லை, ஸ்டெல்லா. அந்தப் பிள்ளையின் கனம் அம்மாவின் மடியை விட்டு இன்னும் இறங்கவில்லை. அந்த ஆள் செய்ததெல்லாம், அந்தக் காயத்தின் மேல் கையை வைத்து, ஆமென் சொல்லச் சொன்னதுதான். அதை நினைத்தபோது அவர் மேல் இருந்த என் அருவருப்பு இரண்டு மடங்கானது.

அந்த நேரத்தில் கதவைத் தட்டினார்கள். லெட்சுமி. தலையிலிருந்து தண்ணீர் ஒழுக நிற்கிறாள். இடுப்பில் தர்ஷினி, பிளாஸ்டிக் சீட்டுக்குள் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பாதையில் பாதி தூரம் போய், அம்மா வரவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாளாம்.

"பெரியம்மா, கெளம்புங்க."

"நான் வரல. நீ புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போ தாயி."

லெட்சுமி அதற்கு மேல் கெஞ்சவில்லை. நேரே உள்ளே வந்து, பிள்ளையை அம்மாவின் மடியில் உட்கார வைத்தாள்.

"அன்னைக்கு ஸ்டெல்லாக்கா இங்கதான் போட்டாங்க. நீங்க இங்கதான் இருக்கப் போறீங்கன்னா இவளும் இங்கயே இருக்கட்டுங்க. நானும் வாசப்படியில ஒக்காந்துக்கிறேன். உங்க ஆண்டவரு காப்பாத்துறதா இருந்தா எல்லாத்தையும் சேத்துக் காப்பாத்தட்டும். இல்லன்னா ஒண்ணாவே போவோம்."

சொன்னபடியே போய், மழை முதுகில் அடிக்க வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவின் இரண்டு கையும் காற்றில் நின்றன, பிள்ளையைத் தொடாமல். தர்ஷினிக்கு நம் சோகம் எங்கே தெரியும்? அம்மாவின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள். பிறகு தும்மினாள். எச்சிலெல்லாம் அம்மா முகத்தில்.

"புள்ள ஈரமா இருக்குடி" என்றாள் அம்மா. யாரையோ திட்டுகிற குரலில் சொன்னாள். "பாத்துக்கிட்டு நிக்கிறியே, துண்ட எடு."

துவட்டினாள். பிள்ளையை மார்போடு அணைத்தாள். கட்டிலை விட்டு எழுந்தாள். வாசலுக்கு வந்து, "எந்திரி லெட்சுமி, வழிய வுடு" என்றாள். நிலையைத் தாண்டி மழைக்குள் காலை வைத்தாள். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பிள்ளையை லெட்சுமியிடம் கொடுத்து முன்னால் அனுப்பிவிட்டு, சாத்தின கதவுகளை உள்ளங்கையால் அறைந்துகொண்டே லயத்து நீளத்துக்கும் நடந்தாள். "பாட்ட நிறுத்துங்கடி! வெளிய வாங்க!" ஒரு கதவு திறந்தது. இன்னொன்றும் திறந்தது. மூன்றாவது கதவுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "யாரு அது, வாசல் தாண்டச் சொல்றது?"

அம்மா கதவில் வாயை வைத்துக் கத்தினாள்.

"வாசல் தாண்டினவளோட அம்மா சொல்றேன்டி! தொறடி கதவ!"

அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும், தங்கச்சி. இத்தனை மாதமும் அந்தப் பேரைக் கேட்டுத் தலையைக் குனிந்தவள், பட்டம் வாங்கினவள் மாதிரி அதைச் சொன்னாள். அந்தக் கதவும் திறந்தது. கடைசியில் இரண்டு வீடுகள் மட்டும் திறக்கவேயில்லை.

மலை சரிந்ததா என்று கேட்பாய். இல்லை. விடியும்போது மழை விட்டது. சுவர் அப்படியே நிற்கிறது. காலையில் பிரதரின் குரல் போன் குழுவுக்கு வந்துவிட்டது. வாசலுக்குள் நிலைத்திருந்த இரண்டு குடும்பங்களைக் கர்த்தர் காத்தாராம், விசுவாசமில்லாமல் ஓடினவர்கள் வெட்கப்பட வேண்டுமாம். போனைத் தூக்கி எறியப் போனேன்.

"வுடுடி" என்றாள் அம்மா. பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தர்ஷினி தூங்கிக்கொண்டிருந்தாள். "யாரும் சாகல, அது போதும். அந்த ஆளு என்னத்தயாச்சும் சொல்லிக்கிட்டுப் போறாரு."

எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. அந்த ஆள் மேல் எனக்கிருக்கிற அருவருப்பை உயிர்த்த ஞாயிறுக்காகக்கூடக் கழுவுவதாக இல்லை. ஆண்டவரிடமும் அதைச் சொல்லிவிட்டேன். நான் இன்னும் கோயிலுக்குப் போகிறேன், ஸ்டெல்லா. ஆட்டுக்குட்டியை நம்புகிறேன். பெயின்ட்டைத்தான் நம்பவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை அழும்போது நம்மை உள்ளே பிடித்து வைப்பதற்குப் பேர் காவல் என்றால், அந்தக் காவல் எனக்கு வேண்டாம். நீ கதவைத் திறந்துகொண்டு போனாயே, அந்த நேரம் ஆண்டவர் நம் வீட்டுக்குள் அம்மாவின் பாட்டைக் கேட்டுக்கொண்டா இருந்திருப்பார்? உனக்கு முன்னால் சேற்றில் இறங்கியிருப்பார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நாளைக்கு விடிந்ததும் அம்மாவும் நானும் லெட்சுமியும் உன்னிடம் வருகிறோம். தர்ஷினியையும் கொண்டுவருகிறோம். உன் சிலுவையில் எழுத்து மழையில் அழிந்துவிட்டது. புதிதாக எழுதக் கறுப்பு பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன். சிவப்பு வேண்டவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். மேலே உன் பேர். அதன் கீழே என்ன எழுத வேண்டும் என்பதையும் அம்மாவே சொன்னாள்: வாசல் தாண்டினவள். வருகிறவன் போகிறவன் எல்லாம் வாசிக்கட்டும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், தங்கச்சி. இனி இந்த மலையில் மழை பிடிக்கிற நாளெல்லாம் கடையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு ஏறி வருவேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன். நேற்றுத் திறக்காத அந்த இரண்டு கதவையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
வாசல் தாண்டினவளின் அக்கா,
ரெஜினா